உங்கள் ஊர் சென்சஸ் பட்டியலில் எங்கே இருக்கிறது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலைத் திறந்து சொந்த ஊரைத் தேடும் பலருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். ஊரில் தொடக்கப்பள்ளி இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, டவுன் பஸ் வந்து திரும்புகிறது, மாரியம்மனுக்கு வருடா வருடம் கொடை நடக்கிறது. பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. நம்மை விட்டுவிட்டார்கள் என்று கோபப்படுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நாம் ஊர் என்று சொல்வது வேறு, சென்சஸ் கிராமம் என்று சொல்வது வேறு.

சென்சஸுக்குக் கிராமம் என்றால் வருவாய் கிராமம். நிலத்தை அளந்து, கல் நட்டு, சர்வே எண் போட்டு, இதுதான் எல்லை என்று வருவாய்த் துறை வரைந்து வைத்திருக்கும் ஒரு பரப்பு. அதற்குள் வீடுகள் ஒரே இடத்தில் இருக்கலாம், ஏழெட்டு இடங்களில் சிதறியும் இருக்கலாம். ஒரு வீடுகூட இல்லாமல் வெறும் வயலும் பொட்டலுமாகவும் கிடக்கலாம். அப்போதும் அது கிராமம்தான். 2011 கணக்குப்படி இந்தியாவில் சுமார் 6.4 லட்சம் கிராமங்கள்; அவற்றில் 40,000க்கும் மேற்பட்டவை ஆள் குடியில்லாதவை. பட்டியலில் அவற்றுக்கும் பெயர் உண்டு, எண் உண்டு, பரப்பளவு உண்டு. மக்கள்தொகை என்ற இடத்தில் மட்டும் சுழியம் இருக்கும்.

ஆக, மனிதர் இல்லாத கிராமத்துக்குப் பட்டியலில் இடம் உண்டு, 300 பேர் வாழும் உங்கள் ஊருக்கு இல்லை. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வீடுகள் கூடும், குறையும், இடம் மாறும். அளந்து கல் நட்ட எல்லை அவ்வளவு எளிதில் மாறாது. பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்து எண்ணுகிறவர்களுக்கு நிற்க ஒரு நிலையான இடம் வேண்டுமே.

தமிழ்நாட்டின் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பத்தின் அளவு புரியும். 2011 சென்சஸில் இங்கே 15,979 கிராமங்கள். ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. குக்கிராமங்கள், அதாவது நாம் பேச்சில் ஊர் என்று சொல்லும் குடியிருப்புகள், சுமார் 79,000. மூன்றும் ஒரே நாட்டுப்புறத்தை மூன்று விதமாக வெட்டிய கணக்குகள். வெட்டுக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதும் இல்லை. ஒரு ஊராட்சியில் இரண்டு வருவாய் கிராமங்கள் இருக்கும். சில இடங்களில் ஒரே வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பாதி பாதியாகக் கிடக்கும். வரி கட்டவும் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லவும் ஊராட்சிக்குப் போகிறோம். பட்டா, சிட்டா, அடங்கல் போன்ற நிலப் பதிவுகளுக்கு விஏஓவிடம், அதாவது கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறோம். சென்சஸின் கிராமம் விஏஓ பக்கத்துக் கிராமம். இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

உங்கள் குடியிருப்பு எந்த வருவாய் கிராமத்தில் இருக்கிறது என்று அறிய எளிய வழி, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பட்டாவை எடுத்துப் பார்ப்பது. மேலேயே மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் என்று வரிசையாக அச்சாகியிருக்கும். பழைய பத்திரம் என்றால் இன்ன கிராமம், உட்கடை இன்னது என்று எழுதியிருப்பார்கள். அந்த உட்கடை உங்கள் ஊர், அதற்கு முன்னால் உள்ள பெயர் நீங்கள் பட்டியலில் தேட வேண்டியது. நிலமே இல்லாதவர்கள் விஏஓ அலுவலகத்தில் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டலில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. நம் ழகரமும் நெடிலும் அங்கே ஒரு நிலையில் நிற்பதில்லை. கீழடியை மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பெரிய கிராமங்களைப் பிரித்த இடங்களில் பெயருக்குப் பின்னால் பிட் 1, பிட் 2 என்று வரும். இரண்டையும் கூட்டினால்தான் பழைய கிராமம். புதூர், நல்லூர், குளத்தூர் மாதிரிப் பெயர்களோ மாவட்டத்துக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். பெயரை நம்பித் தேடுவது ஓரளவுக்குத்தான் உதவும் என்பதால்தான் எண் கொடுத்தார்கள்.

எண்ணின் கதை

2011 சென்சஸில் மாநிலத்துக்கு 2 இலக்கம், மாவட்டத்துக்கு 3, வட்டத்துக்கு 5, கிராமத்துக்கு 6. கிராமத்தின் 6 இலக்க எண் நாடு முழுவதற்கும் பொதுவான வரிசையில் வருவது. உங்கள் கிராமத்துக்குக் கொடுத்த எண் இந்தியாவில் வேறெந்தக் கிராமத்துக்கும் கிடையாது. வரிசை வடமேற்கில் காஷ்மீரில் ஆரம்பித்துத் தெற்கு நோக்கி இறங்குகிறது. மாவட்டங்களில் 001 குப்வாரா, 640 தெற்கு அந்தமான். தமிழ்நாட்டின் மாநில எண் 33. நாம் வரிசையின் கடைசிப் பக்கம் இருப்பதால் நம் மாவட்டங்களெல்லாம் 600க்கு மேல். திருவள்ளூர் 602ல் தொடங்கி, சென்னை 603, காஞ்சிபுரம் 604 என்று போய்க் கன்னியாகுமரி 629.

நிலத்தின் முனை அதோடு முடிந்துவிட்டது, ஆனால் எண் முடியவில்லை. அதன் பிறகு 630 தருமபுரி, 631 கிருஷ்ணகிரி, 632 கோயம்புத்தூர், 633 திருப்பூர். கன்னியாகுமரியைத் தாண்டி எங்கே கோவை? 2001க்கும் 2011க்கும் நடுவில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது, கோவை, ஈரோட்டுப் பகுதிகளை எடுத்துத் திருப்பூர் உருவானது. இப்படி உடைந்து மாறியவற்றை வரிசையின் வாலில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மாவட்டத்தின் எண் தன் இடத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது என்றால் அங்கே எல்லையில் ஏதோ நடந்திருக்கிறது என்று யூகிக்கலாம். எண்களைப் பார்த்தே இப்படி வரலாறு படிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு, மற்றவர்களுக்கு எப்படியோ.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராம எண்கள் 6ல் தொடங்கும் 6 இலக்க எண்கள். நம் பின்கோடும் 6ல் தொடங்கும் 6 இலக்க எண். விண்ணப்பப் படிவங்களில் கிராமக் குறியீடு என்ற கட்டத்தில் பின்கோட்டை எழுதிவிட்டு வருவது அதனால்தான் அவ்வளவு எளிதாக நடக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ல் தபால் துறை தன் வேலைக்காகக் கொண்டுவந்தது. எந்தத் தபால் நிலையம் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. ஒரு பின்கோட்டில் பல கிராமங்கள் அடங்கும், அவை ஒரே வட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னொன்று, 8ல் தொடங்கும் 6 இலக்க சென்சஸ் எண்ணைப் பார்த்தால் அது கிராமம் அல்ல, நகரம்.

மூன்றாவதாக ஒரு எண்ணும் உண்டு. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் உள்ளாட்சி அடைவு (Local Government Directory) என்று ஒன்றை வைத்திருக்கிறது. மாநிலம் முதல் கிராமம் வரை, ஊராட்சிகள் உட்பட, எல்லாவற்றுக்கும் அதில் குறியீடு இருக்கிறது. இன்று அரசுத் திட்டங்களின் இணையப் படிவங்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். புதிய மாவட்டம், புதிய ஊராட்சி வந்தால் அடைவில் உடனே திருத்த முடியும், அடுத்த சென்சஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் இதன் மாவட்ட எண்ணும் சென்சஸின் மாவட்ட எண்ணும் வேறு. சென்னை சென்சஸில் 603, அடைவில் 568. இரண்டு பட்டியல்களையும் கணினியில் இணைக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மாவட்டத்தின் கிராமங்களெல்லாம் இன்னொன்றில் போய் விழும்.

2011க்குப் பிறகு தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் 38 ஆகிவிட்டன. தென்காசியில் இருப்பவர் 2011 பட்டியலில் தென்காசி மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது; திருநெல்வேலியில் தேட வேண்டும். கள்ளக்குறிச்சிக்காரர் விழுப்புரத்தில், மயிலாடுதுறைக்காரர் நாகப்பட்டினத்தில்.

ஒரு வரியில் என்னதான் இருக்கிறது

சரி, கிராமம் கிடைத்துவிட்டது, எண்ணும் கிடைத்துவிட்டது. இனி அந்த வரியைப் படிக்கலாம். சென்சஸ் ஒவ்வொரு கிராமத்துக்கும் முக்கியமாக இரண்டு வகைப் பதிவுகளைத் தருகிறது. ஒன்று மக்களைப் பற்றியது: குடும்பங்கள் எத்தனை, ஆண் பெண் எத்தனை, 6 வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றோர், வேலை செய்வோர். மற்றது வசதிகளைப் பற்றியது: பள்ளி, மருத்துவமனை, குடிநீர், தபால், பஸ், சாலை, அப்புறம் நிலம் எத்தனை ஹெக்டேர், அதில் பாசனம் எவ்வளவு. இரண்டும் சேர்ந்து மாவட்டக் கையேடாக 1951 முதல் வெளிவருகின்றன.

ஒவ்வொரு தலைப்புக்கும் பின்னால் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் சமையல் தனித்தனி என்றால் இரண்டு குடும்பம். எழுத்தறிவு என்றால் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தால் கணக்கில் வராது. 6 வயது வரையிலான குழந்தை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் எழுத்தறிவு இல்லாதவர் பக்கம்தான். அதனால் விகிதம் கணக்கிடும்போது அந்தக் குழந்தைகளைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். கணக்குக்காக ஒரு கற்பனைக் கிராமம்: மக்கள்தொகை 1,240, குழந்தைகள் 140, எழுத்தறிவு பெற்றோர் 770. 770ஐ 1,240ஆல் வகுத்தால் 62 சதவீதம் வரும், அது தவறு. 140ஐக் கழித்து 1,100ஆல் வகுத்தால் 70. ஊரைப் பற்றி எழுதும் கட்டுரைகளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது.

தொழில் பகுதி இன்னும் சுவாரசியம். சாகுபடியாளர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்வோர், மற்றவர் என்று நான்கு வகை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருந்து குத்தகைப் பணத்தை மட்டும் வாங்குகிறவர் ஊரில் பெரிய விவசாயி என்று பெயர் எடுத்திருக்கலாம். சென்சஸில் அவர் சாகுபடியாளர் அல்ல. குத்தகைக்கு எடுத்து உழுகிறவர்தான் சாகுபடியாளர். அதைவிட வேடிக்கை தென்னை. தேயிலை, காபி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவற்றைத் தோட்டப்பயிர் என்று ஒதுக்கி, அவற்றை வளர்ப்பதைச் சாகுபடி என்று சென்சஸ் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வேலையில் இருப்பவர்கள் மற்றவர் என்ற வகையில் போய்விடுகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னையை நம்பியே பிழைக்கும் ஒரு கிராமத்தின் வரியைப் பார்த்துவிட்டு, இங்கே விவசாயம் அற்றுப்போய் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று ஒருவர் முடிவுகட்டினால், தப்பு அவருடையது மட்டும் இல்லை.

வசதிகள் பட்டியலில் ஒரு வசதி கிராமத்தில் இல்லை என்றால் அது எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதை எழுத்தால் குறித்திருப்பார்கள்: ஏ என்றால் 5 கிலோமீட்டருக்குள், பி என்றால் 5 முதல் 10 வரை, சி என்றால் 10க்கு மேல். இங்குதான் குக்கிராமங்கள் அடிபடுகின்றன. பள்ளி உண்டு என்று வருவாய் கிராமத்துக்கு எதிரே பதிவாகியிருக்கும். பள்ளி இருப்பது தாய்க் கிராமத்தில். ஓடையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் நடந்து வரும் காலனிப் பிள்ளைகளுக்கு அந்த உண்டு எந்த அளவுக்கு உண்டு என்பது பட்டியலில் தெரியாது. என்னைக் கேட்டால் இந்தப் பதிவுகளின் மிகப் பெரிய குறை இதுதான். சேரியும் காலனியும் பெரும்பாலும் தாய்க் கிராமத்திலிருந்து தள்ளியே இருக்கும் ஒரு நாட்டில், கிராமம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் பட்டியல் வரி அந்தத் தூரத்தையே விழுங்கிவிடுகிறது.

சின்ன கிராமங்களுக்கு விகிதம் போடும்போதும் நிதானம் வேண்டும். 2011ல் தமிழ்நாட்டில் 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள். 60 பேர் உள்ள ஒரு கிராமத்தில் 33 ஆண்கள், 27 பெண்கள் என்றால் விகிதம் 818 என்று வந்து பயமுறுத்தும். ஒரே வீட்டுக்கு மூன்று மருமகள்கள் வந்தால் அது 909 ஆகிவிடும். இவ்வளவு சின்ன ஊரில் விகிதத்தை விட்டுவிட்டு நேரடியாகத் தலைகளை எண்ணுவதே மேல்.

எப்படி எண்ணுகிறார்கள்

முதலில் வீடுகள், பிறகு மனிதர்கள். வீட்டுப்பட்டியல் எடுக்க வருகிறவர், பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், தனக்குக் கொடுத்த பகுதியை ஒரு தாளில் வரைவார். வடமேற்கு மூலையில் ஆரம்பித்து, பாம்பு போவதுபோல் வளைந்து வளைந்து தென்கிழக்கில் முடிக்க வேண்டும். கெட்டி வீட்டுக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம். கடை, கோயில், மாட்டுக்கொட்டகை மாதிரி ஆள் குடியிராத கட்டடமாக இருந்தால் அதே வடிவத்தை உள்ளே கோடு போட்டு நிரப்ப வேண்டும். ஒருவருக்குச் சுமார் 120 முதல் 150 வீடுகள். சில மாதம் கழித்து ஆட்களை எண்ண வரும்போது இந்தப் படம்தான் வழிகாட்டி. படத்தில் விட்டுப்போன குடிசை எண்ணிக்கையிலும் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். தோட்டத்து வீடு, செங்கல் சூளைக் குடியிருப்பு, ஏரிக்கரை ஓரத்து இரண்டு குடிசை போன்றவைதான் இப்படித் தவறுபவை.

2011ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். ஆனால் கணக்குக்கு உரிய நேரம் மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. அதற்கு முன் இறந்தவரை நீக்கவும் பிறந்த குழந்தையைச் சேர்க்கவும் மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி ஒரு சுற்று வந்தார்கள். வீடில்லாதவர்களைப் பிப்ரவரி 28 இரவிலேயே எண்ணி முடித்தார்கள்.

எண்ணி முடித்த பிறகு ஒரு கிராமம் கிராமமாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மக்கள்தொகை குறைந்தது 5,000, சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆண்களில் குறைந்தது முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை: இந்த மூன்றும் சேர்ந்தால் சென்சஸ் அதைக் கணக்கெடுப்பு நகரம் என்று நகரப் பக்கம் தள்ளிவிடும். ஊராட்சித் தலைவர் அப்படியே இருப்பார், ஊரக வேலைத் திட்டத்துக்கும் தடை வராது, ஊரில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. கேரளத்தில் இப்படிப்பட்ட நகரங்கள் 2001ல் 99, 2011ல் 461. அந்த மாநிலத்தின் நகர மக்கள் பங்கு பத்தே வருடத்தில் 26 சதவீதத்திலிருந்து 47ஐத் தாண்டியதற்கு இது பெரிய காரணம். அங்கே கிராமங்கள் வெறும் 1,018தான். ஒவ்வொன்றும் சராசரியாகப் பதினைந்தாயிரம் பேருக்கு மேல். நம் கிராமத்தையும் அவர்கள் கிராமத்தையும் ஒப்பிடுவதில் பெரிதாக அர்த்தம் இல்லை.

அதே எச்சரிக்கை ஒரே கிராமத்தின் 2001, 2011 வரிகளை ஒப்பிடும்போதும் பொருந்தும். மக்கள்தொகை பாதியாகக் குறைந்திருந்தால் ஊரைவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள் என்று எழுதுவதற்கு முன் பரப்பளவைப் பாருங்கள். ஹெக்டேரும் பாதியாகியிருந்தால் யாரும் எங்கும் போகவில்லை. கிராமத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், அல்லது ஒரு துண்டு பக்கத்துப் பேரூராட்சியில் சேர்ந்திருக்கிறது. எண்ணுவதற்கு நடுவில் இப்படி நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு சென்சஸுக்கும் முன்னால் எல்லைகளை உறையவைப்பார்கள். 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்புக்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31. அதற்குப் பிறகு பிரித்த வட்டமோ, பேரூராட்சியோடு சேர்த்த கிராமமோ இந்தச் சென்சஸில் பழைய உருவத்தில்தான் வரும். முதல்முறையாகத் தாளை விட்டுக் கைபேசிச் செயலிக்கு மாறுகிறார்கள். விரும்பியவர்கள் விவரங்களைத் தாங்களே இணையத்தில் நிரப்பவும் வழி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, தாத்தாவின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு. 1951ல் நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சென்சஸ் படிவத்தைப் பார்க்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. 1948ம் வருடச் சென்சஸ் சட்டத்தின் 15வது பிரிவு, படிவத்தில் எழுதியதை வெளியாள் யாரும் பார்க்கவும் விடாது, பெரும்பாலான வழக்குகளில் சாட்சியமாக வைக்கவும் விடாது. அமெரிக்காவில் 72 வருடம் கழித்துப் படிவங்களைத் திறந்துவிடுகிறார்கள், 1950ம் வருடப் பெயர்ப் பட்டியல் 2022ல் வெளியானது; இந்தியாவில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. இங்கே வெளிவருவது கிராமத்தின் மொத்தக் கணக்கு மட்டும். பெயர் வேண்டுமென்றால் நிலத்தின் உரிமையாளர் பெயர் இருக்கும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பழைய பத்திரங்கள், பிறப்பு இறப்புப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். அதற்கும் முதல் கேள்வி, எந்த வருவாய் கிராமம் என்பதுதான்.